ஈரம் காயாமல் மாட்ட மாட்டேன்

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சாலை மறியல் செய்திருக்கிறேன். கொடி பிடித்தல்ல, கோஷம் போட்டல்ல. ஈரமாக இருந்த ஓர் ஏர் ஃபில்டருக்காக, அதையே கையில் பிடித்துக்கொண்டு, நடுரோட்டில் ஒற்றை ஆளாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். என்னைத் தூக்கி ஓரமாகப் போட நாலு பேர் வந்தார்கள். என் உடம்பைப் பார்த்துவிட்டு இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டார்கள். அந்த அவமானம் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

ஒர்க்‌ஷாப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தரச் சொல்லி மெக்கானிக் சங்கத்தில் கேட்டார்கள். உபயோகமாக நான் எதுவும் செய்ததில்லை என்பதற்கு என் மனைவி எந்தக் கோர்ட்டிலும் வந்து சாட்சி சொல்வாள். ஆனால் கழுவிக் கழுவி மாட்டுகிற ஏர் ஃபில்டர் விஷயத்தில் என் அளவுக்குத் திட்டு வாங்கியவன் கள்ளக்குறிச்சித் தாலுகாவிலேயே கிடையாது. அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

இப்போது உங்களில் சிலர் பிக்கப் வண்டிக்கு வெளிக்கடை ஃபில்டர் வாங்கி மாட்டிவிட்டு, “அண்ணே, பவர் ஏறிடுச்சுண்ணே” என்கிறீர்கள். ஏறும். முக்கியமாக உங்கள் பேச்சில் ஏறும். ஊருக்குள்ளேயே தார் ரோட்டில் ஓடுகிற வண்டிக்குக் கம்பெனிக் காகித ஃபில்டரே போதும், பந்தாவுக்கு மாட்டாதீர்கள். நான் மாட்டியது பந்தாவுக்கு அல்ல. பந்தா பிற்பாடு தானாகவே சேர்ந்துகொண்டது.

எங்கள் ஒர்க்‌ஷாப் கச்சிராயபாளையம் போகிற சாலையில் இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் வண்டிகளெல்லாம் எங்களிடம்தான் வந்து இருமும். அப்படி வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் வெள்ளையன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஊர். கடுக்காய், சீயக்காய், பூந்திக்கொட்டை, புளி, மரவள்ளிக்கிழங்கு என்று மலையில் விளைவதையெல்லாம் கீழே கொண்டுவரப் புது மாதிரி டீசல் பிக்கப் ஒன்று வைத்திருந்தார். வண்டி நல்ல வண்டி. ஆனால் அதன் காகித ஃபில்டர் மலைப் பாதையின் செம்மண்ணுக்கென்று பிறந்ததல்ல. மாட்டிய கொஞ்ச நாளிலேயே செங்கல் மாதிரி ஆகிவிடும். அடுத்தது சென்னையிலிருந்து பார்சலில் வரவேண்டும். கம்பெனி ஆள் ஒருவர் வந்தபோது, “அசல் காகிதம்தான் போடணும், வேற எதையும் உள்ள வுடாதீங்க” என்று கண்டித்தார். “அனுப்புங்க சார், போடறேன். பார்சல் வர்ற வரைக்கும் வண்டி மூக்கப் புடிச்சிக்கினு நிக்கட்டுமா?” என்றேன். அவர் என் பெயரை எழுதிக்கொண்டு போனார். நல்லதற்காக இருக்காது என்று நினைக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் உதிரி பாகக் கடை கவுஸ் பாயின் மகன் சவுதியிலிருந்து லீவில் வந்தான். பாலைவனத்தில் பிக்கப் ஓட்டியவன். மற்றவர்கள் செண்டும் டேப் ரெக்கார்டரும் கொண்டுவந்தால், இவன் பெட்டியில் ரெண்டு ஏர் ஃபில்டர் கொண்டுவந்தான். கம்பி வலைக்கு நடுவே பருத்தித் துணியை மடித்து மடித்து வைத்தது. அழுக்கானால் கழுவிக் காயவைத்து, அதற்கென்று உள்ள சிவப்பு எண்ணெயைக் கொஞ்சம் விட்டு, திரும்பவும் மாட்டிக்கொள்ளலாம்.

“ஒரு தபா வாங்குனா போதும் மேஸ்திரி, வண்டி ஆயுசுக்கும் வேற வாங்க வேணாம்” என்றார் பாய்.

“அப்ப உங்க கடைக்கு எவன் பாய் வருவான்?”

“அதத்தான் நானும் ரோசன பண்ணிக்கினு இருக்கேன்.”

ரெண்டில் ஒன்று பளபளவென்று, வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி இருந்தது. மற்றது குட்டையாக, மங்கலாக, கோழிக்கூண்டு மாதிரி. வெள்ளையன் பளபளப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதன் மேல்தான் கண். ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்தேன். ஃபில்டரின் ரப்பர் விளிம்பில் லேசாகக் கிரீஸ் தடவி, வண்டியின் ஃபில்டர் கூட்டுக்குள் வைத்து அழுத்தி, எடுத்துப் பார்த்தேன். பளபளப்பு கூட்டில் பதித்த கிரீஸ் வளையத்தில் ஓரிடத்தில் நகத்தளவு விட்டுப்போயிருந்தது. கோழிக்கூண்டின் வளையம் எங்கும் விட்டுப்போகாமல் முழுசாக விழுந்திருந்தது. துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று துணியை ஏறெடுத்தும் பார்க்காது. தூசியையும் கூட்டிக்கொண்டு அந்த நகத்தளவு சந்தில் நேராக எஞ்சினுக்குள் போய்விடும்.

“இன்னா மேஸ்திரி, அழகா இருக்கறத வுட்டுட்டு இத்தப் போயி...” என்று வெள்ளையன் இழுத்தார்.

“மாப்ள பாக்கறதும் இப்படித்தான்யா. மூஞ்சியப் பாக்காத. வூட்டோட பொருந்துவானான்னு பாரு.”

“பொண்ணு இன்னும் படிச்சிக்கினு இருக்குது மேஸ்திரி. இப்ப எதுக்கு மாப்ள பேச்சு?” என்று அவர் பயந்துபோனார்.

கோழிக்கூண்டை மாட்டினோம். வண்டி நன்றாகவே ஓடியது. நான்தான் சும்மா இருக்கவில்லை. டீக்கடை, லாரி ஸ்டாண்டு, கல்யாண வீட்டுப் பந்தி என்று போகிற இடமெல்லாம் அதன் பெருமையைப் பேசினேன். மற்ற மெக்கானிக்குகள் கூடிப் பேசி அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: மேஸ்திரி கோமணம். பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. “கோமணம் எப்பிடிக்கீது மேஸ்திரி?” என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருவன் கத்தி விசாரிப்பான். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் என்னைக் கீழிருந்து மேலாகப் பார்ப்பார்கள்.

பிறகு எண்பத்தேழில் அந்த நாட்கள் வந்தன. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பார்சல் இல்லை. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வரிசையாக நின்று அடுப்பு மூட்டிச் சமைத்தன. சிரிக்கும்படியான நாட்கள் அல்ல அவை. உயிர்களும் போயின. அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது தூசி. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒருநாள் காலையில் வெள்ளையனின் வண்டி கரும்புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. பக்கத்தில் அவர் மகள் அலமேலு, மடியில் ஒரு ரெக்சின் பை. மறுநாள் காலையில் கடலூரில் நர்சு பயிற்சிக்கு இண்டர்வியூ. அவர்கள் ஊரில் அதற்கு முன்னால் யாரும் அந்தப் படியை மிதித்ததில்லை. போராட்டத்தால் தள்ளிவைப்பார்களா என்று தெரியாது. கேட்டுச் சொல்ல ஆளும் இல்லை. தள்ளிவைப்பார்கள் என்று நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்து, தள்ளிவைக்காமல் போனால் அவ்வளவுதான்.

ஃபில்டர் கூட்டைத் திறந்தேன். குப்பென்று தீபாவளி காலை வாசனை வந்தது.

“இன்னாய்யா பண்ண இத?”

“நீங்கதான மேஸ்திரி சொன்னீங்க? கழுவு, எண்ணெ வையின்னு.”

“ஆமா. அதுக்கு?”

“சனிக்கெழம நல்லெண்ணெ தேச்சி ஊறவச்சேன். அப்பறம் சீயக்கா போட்டு வெந்நீர்ல...”

“சாம்பிராணி போட்டியா?” என்று நக்கலாகக் கேட்டேன்.

“போட்டாருண்ணா” என்றாள் அலமேலு.

மலையிலேயே முதல்தரச் சீயக்காயாகப் பார்த்து அரைத்திருக்கிறார் மனிதர். குறை சொல்ல முடியாத தலைக்குளியல். தலைக்குத்தான் அது. அதற்குமேல் மலைப்பாதைத் தூசியும் ஏறி, பருத்தி மடிப்புகளில் சீயக்காய்த் தூளும் நல்லெண்ணெயும் சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டியிருந்தன. கழுவி எண்ணெய் வை என்று நான் சொன்னேன், அவரும் தலையாட்டிக் கேட்டார். நடுவில் எங்கேயோ சனிக்கிழமை புகுந்துவிட்டது.

பக்கத்து ஒர்க்‌ஷாப்காரன், “கம்ப்ரெசர்ல ஒரு அடி அடிச்சிக் குடு, பறக்கும்” என்றான். பறக்கும்தான், துணி. பெட்ரோலில் முக்கச் சொன்னான் இன்னொருவன். பெட்ரோல் பட்டால் ரப்பர் விளிம்பு ஊதிப்போய், கிரீஸ் வளையம் பார்த்து வாங்கியதெல்லாம் வீணாகும். கூட்டம் கூடினால் யோசனைக்குப் பஞ்சமே இருக்காது, கவனித்துக்கொள்ளுங்கள். யோசனை சொன்னவன் ஒருத்தனும் எஞ்சின் போனபிறகு அந்தப் பக்கம் வந்ததில்லை.

வெள்ளையன் வண்டியிலேயே பூந்திக்கொட்டை மூட்டை இருந்தது. பட்டுப்புடவை துவைக்க வாங்கிப் போவார்களே, அதுதான். ஒரு பிடி வேகவைத்து, துளித் தூள் இல்லாமல் வேட்டித் துணியில் வடிகட்டி, ஃபில்டரை அதில் ஊறவைத்தேன். பிறகு உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டேன். அழுக்கை வந்த வழியே அனுப்ப வேண்டும், உள்ளே தள்ளக்கூடாது. நிழலில் காய்ந்து, எண்ணெய் ஊறி, மாட்டி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது.

“வழி பூரா எப்பிடிக்கீதோ தெரியாது. நீயும் கூடப் போய்ட்டு வா” என்றார் கவுஸ் பாய்.

“நான் எதுக்கு பாய்?”

“உன் கோமணம். வழில அவுந்தா நீதான கட்டணும்?”

சிவப்பு எண்ணெய்க் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

தியாகதுருகம் தாண்டியதும் பெரிய சாலை கிடையாது என்றாகிவிட்டது. எல்லா வண்டியும் ஏரிக்கரை மேலும் மாட்டுவண்டித் தடத்திலும் இறங்கியிருந்தன. முன்னால் போகிற வண்டி தெரியாது, அதன் தூசிதான் தெரியும். பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தோம். மாவு மில்லுக்குள் வண்டி ஓட்டிய மாதிரி மூவரும் வெள்ளையாகிவிட்டோம். “இப்பதான் எங்கப்பா பேருக்கு ஏத்தா மாதிரி கீறாரு” என்றாள் அலமேலு. அவளுக்குப் பயம் இருந்தது. பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஆனாலும் வாய் மட்டும் ஓயவில்லை.

களமருதூர் நெருங்கும்போது எஞ்சின் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மதியம் மாட்டிய ஃபில்டர் அதற்குள் நிறைந்துவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் நிற்கும் என்று நினைத்தபோதே ஊர் முனையில் ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அதைச் சுற்றி ஊரே நின்றுகொண்டிருந்தது.

“வண்டியத் திருப்பு!” என்று கையை உயர்த்திக்கொண்டு வந்தவர் நடுத்தர வயசுக்காரர், தோளில் ஈரிழைத் துண்டு. கலியபெருமாள் என்று கூப்பிட்டார்கள். நெல் விவசாயி. மரத்தை இழுத்துப் போட்டிருந்த டிராக்டர் அவருடையது.

“பால் வண்டியா? சாவா? பிரசவமா? இல்லன்னா திருப்பு.”

வெள்ளையன் கும்பிட்டுக்கொண்டு இறங்கினார். நான் கணக்குப் போட்டேன். இந்தப் பேச்சு சாயங்காலம் வரை போகும். அதற்குள் ஃபில்டரைக் கழுவி உலர்த்திவிடலாம். இப்படி யோசித்த என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, ஃபில்டரைக் கழற்றித் தட்டி, வயலோரத்து மோட்டார் கொட்டகைக்குப் போனேன். குழாயிலிருந்து விழும் தண்ணீரைக் கையில் தாங்கி, பதமாக உள்ளிருந்து வெளியே விட்டுக் கழுவினேன். அங்கிருந்தே எல்லாப் பேச்சும் காதில் விழுந்தது.

அலமேலு இறங்கிவிட்டாள்.

“இன்னா கேக்கறீங்க நீங்கள்லாம்?”

“எங்க புள்ளைங்களுக்குப் படிப்புலயும் வேலயிலயும் எடம் கேக்கறோம். அதுல இன்னா தப்பு?” என்றார் கலியபெருமாள்.

“தப்புன்னு யாரு சொன்னா? நானும் அப்பிடி ஒரு எடத்துக்குத்தாங்க போறன். மலையில கீறவங்களுக்குன்னு எழுதி வச்சிருக்காங்க. எழுதி வச்ச எடத்துல நாங்களே நேர்ல போயி ஒக்கார வேணாமா? நாளைக்கு உங்க புள்ளைங்களுக்கும் எழுதுவாங்க. அன்னிக்கு அதுங்க போற வழியில எவனாவது மரத்தப் போட்டா ஒத்துக்குவீங்களா?”

பின்னாலிருந்த இளவட்டங்களில் ஒருவன், “இந்தப் பொண்ண மைக்குல பேச வுட்டிருக்கலாம்டா” என்றான். கலியபெருமாள் துண்டை உதறினார். “பேப்பரு காட்டு பாப்பம்.” காட்டினாள். படித்தார். திருப்பிக் கொடுத்தார். “டேய், டிராக்டர எடுங்கடா. இந்த ஒரு வண்டி போற அளவுக்கு இழுத்து வுடுங்க. ஒடனே மூடிடணும், பின்னால இருக்கறவன்லாம் பூந்துருவான்.”

நான் கணக்குப் போட்ட சாயங்காலப் பேச்சை அந்தப் பெண் ஒரு பீடி பிடிக்கும் நேரத்தில் முடித்துவிட்டாள். நான் சொட்டச் சொட்ட ஃபில்டரோடு ஓடிவந்தபோது மரம் விலகியிருந்தது. இளவட்டங்கள் உற்சாகத்தில் வண்டியைக் கையாலேயே தள்ளி, சரியாக அந்தச் சந்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ரெண்டு பக்கமும் கிளை, பின்னால் வண்டி வரிசை.

“மாட்டு மேஸ்திரி, மாட்டு மாட்டு!” என்றார் வெள்ளையன்.

“மாட்ட மாட்டேன்.”

“இன்னாது?”

“ஈரமா கீது.”

தம்பிகளே, அந்தக் கணத்தில் என் தலைக்குள் ஓடியதைச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் கை வேலை பாதிதான், மீதி இதுதான். ஈரத் துணியை மாட்டினால் அந்த ஏரிக்கரைத் தூசி அதில் சேறாக அப்பிக்கொள்ளும். கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றுவிடும். ஃபில்டரே இல்லாமல் விட்டால் அத்தனை மண்ணும் எஞ்சினுக்குள். ஒரு நாள் மண்ணில் எஞ்சின் போய்விடுமா? போகலாம், போகாமலும் இருக்கலாம். என் வண்டியாக இருந்தால் அந்த ‘இருக்கலாமை’ நம்பித் துணிந்து விட்டிருப்பேன். இது அந்தப் பெண்ணின் இண்டர்வியூ. இங்கே நின்றால் சுற்றிலும் ஆள் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. இருட்டியபிறகு ஆளில்லாத ஏரிக்கரையில் நின்றால், அந்த நாட்களில் உதவிக்கு எந்த வண்டியும் நிற்காது. தாமதமானால் ராத்திரியாவது போய்ச் சேரலாம். வழியில் படுத்துவிட்டால் சேரவே முடியாது.

இதையெல்லாம் விளக்க எனக்கு நேரமில்லை. வெள்ளையன் ஃபில்டர் இல்லாமலே கிளம்பச் சாவியைத் திருகப் போனார். நான் வண்டிக்கு முன்னால் போய் ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

“யோவ்!” என்று கலியபெருமாள் பாய்ந்து வந்தார். “மறியல் பண்றது நாங்கய்யா!”

“நீங்க பண்ணுங்க. நானும் பண்றேன்.”

“ஒனக்கு இன்னா கோரிக்கை?”

“ஒண்ணே ஒண்ணுதாங்க. காயணும்.”

“எவ்ளோ நேரம்?”

“அது எனக்குத் தெரியாதுங்க. துணிக்குத்தான் தெரியும்.”

அப்போதுதான் என்னைத் தூக்க நாலு பேர் வந்தது. ஆறு பேராகியும் நான் அசையவில்லை. அதில் என் கொள்கை உறுதிக்குக் கொஞ்சம்தான் பங்கு, மீதி என் மனைவியின் சமையல். பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. வெள்ளையன் அழாத குறையாக நின்றார். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். அலமேலு வந்து என் முன்னால் நின்றபோதுதான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ண்ணா, வழி வாங்கிக் குடுத்தது நானு. இப்ப நீங்களே மறிச்சா நான் யாராண்ட போயி கேக்கறது?”

“என்னாண்டயே கேளும்மா. நாளைக்குக் காலைல நீ அங்க இருக்கணுமா, இல்ல இப்ப இங்கருந்து கெளம்பணுமா? ரெண்டுல எது வேணும்?”

அவள் என்னை முறைத்தாள். நானும் முறைத்தேன். கண்ணில் தூசி இருந்ததால் எனக்குத்தான் முதலில் தண்ணீர் வந்தது. அதை அழுகை என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, திரும்பி இளவட்டங்களைப் பார்த்தாள்.

“பாத்துக்கினு நிக்கறீங்களே, ஆளுக்கொரு அட்டை வச்சிருக்கீங்க இல்ல? வீசுங்க!”

அதுவரை கோரிக்கை எழுதித் தலைக்குமேல் பிடித்திருந்த அட்டைகளெல்லாம் விசிறியாகின. ஒருவன் வைக்கோல் கொளுத்தி அனல் காட்டலாம் என்றான். அவனுக்கு நல்ல வார்த்தை நாலு சொன்னேன். கலியபெருமாள் தோளிலிருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். “தொவச்சதுதான், புடி.” அதைக்கொண்டு அழுத்தாமல் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தேன். பிறகு வெட்டிக் கிடந்த அந்தப் புளியமரத்தின் கிளையிலேயே, இலை நிழலில், ஃபில்டரைத் தொங்கவிட்டேன். போராட்டமும் நிற்கக்கூடாதே, கோஷம் தொடர்ந்தது. கோஷத்துக்கு ஒரு வீச்சு, பதில் கோஷத்துக்கு ஒரு வீச்சு. அந்தத் தாளத்தில் கோழிக்கூண்டு கிளையில் ஆடியது. என் தொழிலில் அதற்குமுன்னும் பின்னும் எந்த ஃபில்டருக்கும் அவ்வளவு மரியாதை நடந்து நான் பார்க்கவில்லை.

வெயில் சாயும்போது எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சி இல்லை. மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். இல்லை.

“காஞ்சிடுச்சு” என்றேன். ஊரே கை தட்டியது. சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தேன்.

“இன்னும் இன்னாய்யா?” என்றார் கலியபெருமாள்.

“மடிப்புக்கு மடிப்பு எண்ணெ வுடணும். அது ஊறி நெறம் ஒரே மாதிரி வரணும். கம்மியா போனா தூசி பூரும். ஜாஸ்தியானா எண்ணெய எஞ்சின் குடிச்சிரும்.”

“டேய், இவன மறுபடியும் தூக்குங்கடா!”

ஆனால் யாரும் தூக்கவில்லை. எல்லோரும் குனிந்து, சிவப்பு நிறம் துணியில் பரவுவதை வேடிக்கை பார்த்தார்கள். விடாத இடத்தை ஒருவன் விரலால் காட்டினான். “இங்க வெள்ளயா கீது பாரு மேஸ்திரி.” விட்டேன். மாட்டினேன். விளிம்பைச் சுற்றி அழுத்திப் பார்த்தேன். எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்தது.

கிளம்பும்போது கலியபெருமாள் ஜன்னலருகே வந்தார். அலமேலுவிடம்தான் பேசினார். “நல்லபடியா பதில் சொல்லும்மா. வரும்போதும் இந்த வழியாவே வா. மரம் இருந்தாலும் இழுத்து வுடறோம்.” என்னைப் பார்த்து, “இவர மட்டும் கூட்டியாராத” என்றார்.

இருட்டியபிறகு வண்டிகள் குறைந்து தூசியும் அடங்கியிருந்தது. கடலூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு ஆகிவிட்டது. மறுநாள் காலை அந்த ஆபீஸ் திறந்துதான் இருந்தது. வர முடியாமல் போனவர்கள் பலர். அவர்களுக்கு வேறொரு நாள் கொடுத்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டோம். அதைக் கேட்டதும் வெள்ளையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “அன்னிக்கே தெரிஞ்சிருந்தா நிதானமா போயிருக்கலாமே மேஸ்திரி?” தெரியாதே ஐயா. தெரியாதபோது எடுக்கிற முடிவைத்தான் நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தபிறகு முடிவெடுக்க மெக்கானிக் எதற்கு? அலமேலுவுக்கு இடம் கிடைத்தது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். உங்களைச் சுற்றி நின்று கத்துபவர்கள் எப்போதும் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். அன்று கத்தியவர்கள் எல்லோரும் அந்தப் பெண் போய்ச் சேர வேண்டும் என்றுதான் கத்தினார்கள். கெட்டவன் கத்தினால் எதிர்த்து நிற்பது சுலபம். நல்லது நினைத்துக் கத்துபவர்கள் முன்னால்தான் கை நடுங்கும். நடுங்கட்டும். காயாததை மாட்டாதீர்கள். முதலாளி கத்தினாலும், வண்டிக்காரன் அழுதாலும், ஊரே கூடித் தூக்கினாலும். தூக்குவது கஷ்டமாக இருக்கும்படி கொஞ்சம் சாப்பிட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சில வருஷம் கழித்து வெள்ளையனின் வண்டி மலையில் நின்றுவிட்டது என்று போயிருந்தேன். வேலையை முடித்து வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரும்போது துருப்பிடித்த கம்பி ஒன்றில் கையைக் கிழித்துக்கொண்டேன். அவர் என்னை அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் துணை சுகாதார நிலையத்தில் விட்டார். வெள்ளைப் புடவையில் அலமேலு. ஊசி என்றால் எனக்கு உயிர் போய்விடும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தோளைக் காட்டினேன். ஸ்பிரிட்டால் துடைத்தாள். சில்லென்றது. அதற்குப்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தேன்.

“குத்தும்மா சீக்கிரம், பயமா கீது.”

“ஈரமா கீதுண்ணா.”

“பரவால்ல, குத்து!”

“காயாம குத்த மாட்டேன்.”

“எவ்ளோ நேரம்?”

“அது எனக்குத் தெரியாது. தோலுக்குத்தான் தெரியும்.”

வெளியே வெள்ளையன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த ஓர் அட்டையை எடுத்து, களமருதூர்த் தாளத்தில், என் தோளுக்கு வீச ஆரம்பித்தாள்.